வீதியை அகலமாக்கினால் புகை குறையுமா?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் ஒரு கிலோகூட நிறுக்காதே, இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் சேருவதால்தான் நிறை கூடுகிறது. பூமியின் வெப்பத்தைக் கூட்டும் பச்சைவீட்டு வாயுக்களில், மனிதர் வெளியிடுவனவற்றுள் இதுவே முதன்மையானது.

அமெரிக்காவின் கொலறாடோ மாநிலம் 2019 இல் ஒரு சட்டம் இயற்றியது. 2005 இல் இருந்த அளவிலிருந்து இவ்வாயுக்களை 2025 இல் 26 வீதமும், 2030 இல் 50 வீதமும், 2050 இல் 90 வீதமும் குறைக்க வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. சட்டம் எழுதுவது சுலபம். ஆனால் அங்கே வாகனங்களே பெரும் புகைக்குக் காரணம். வீதித் திணைக்களமோ நெடுஞ்சாலைகளை அகலமாக்கிக்கொண்டே இருந்தது.

அகலமான வீதியில் நெரிசல் இல்லை, ஆகவே புகையும் குறையும் என்பது பழைய வாதம். விவசாயிகளுக்கு இதன் பிழை உடனே விளங்கும். வாய்க்காலை அகலமாக்கினால் கடைமடைக் காணிகளிலும் விதைப்பார்கள். சில போகங்களில் தண்ணீர் மறுபடியும் போதாமற் போகும். வீதியும் அப்படித்தான். இடம் கிடைத்ததும் மக்கள் தூரத்தில் குடியேறுகிறார்கள், பஸ்ஸை விட்டுக் காருக்கு மாறுகிறார்கள். ஹூஸ்டன் நகரில் மிகப் பெருஞ் செலவில் அகலமாக்கி 2008 இல் முடித்த நெடுஞ்சாலையில், சில ஆண்டுகளுக்குள் பயண நேரம் மீண்டும் கூடியது.

எனவே 2021 டிசம்பரில் கொலறாடோ ஒரு விதியை ஏற்றது. வீதித் திட்டம் போடுபவர்கள் அதனால் எவ்வளவு புகை எழும் என்று முன்கூட்டியே கணக்குக் காட்ட வேண்டும். 2030 இல் 1.5 மில்லியன் தொன் குறைய வேண்டும். கணக்கு இலக்குக்கு வராவிட்டால், பணத்தின் ஒரு பகுதியைப் புகை குறைக்கும் வேலைகளுக்கே செலவிடலாம். இந்தக் கடைசி வரியில்தான் விதியின் பலம் இருக்கிறது. அடுத்த ஆண்டிலேயே டென்வர் நகரின் நடுவே செல்லும் 25 ஆம் இலக்க நெடுஞ்சாலையை அகலமாக்கும் திட்டம் கைவிடப்பட்டு, விரைவுப் பஸ் தடங்களுக்கு முதலிடம் கிடைத்தது. கணக்கு வெறும் மதிப்பீடுதானே என்ற குறை உண்டு. அது நியாயமான குறைதான்.

இதில் இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. டென்வரில் குளோப்வில், எலிரியா, சுவான்சீ என்னும் தொழிலாளர் குடியிருப்புகளை 1960களில் 70 ஆம் இலக்க நெடுஞ்சாலை பிளந்து சென்றது. 2018 இல் அதனை அகலமாக்கத் தொடங்கியபோது அங்கே மறுபடியும் வீடுகள் எடுக்கப்பட்டன. 2021 இன் விதி அவர்களுக்குப் பிந்தியே வந்தது. மின்சாரக் கார்கள் வந்தாலே போதும் என்போர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்: புகையில்லாக் காருக்கும் அதே அகலத்தில்தான் நிலம் வேண்டும். தன் வீட்டுக்கு மேலால் வீதி போகுமா என்று அறிய வேண்டிய குடும்பம், அந்தக் கணக்கு எழுதப்படும் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு கேட்டால் நட்டஈடு பற்றியே பேச்சு நடக்கும்.