நெஞ்சு படபடத்தால்...

ஜோகுபாளையத்தில் ஓர் அக்கா. வீட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் பஸ்ஸில் திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது. கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. செத்துவிடுவோமோ என்று பயந்தார். பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். இதயத்தில் குறை இல்லை. ஆனாலும் படபடப்பு மறுபடியும் வந்தது. பஸ் ஏறவே அக்கா பயந்தார். வேலை போயிற்று. "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றார்கள் சிலர்.

இது செய்வினை அல்ல. பைத்தியமும் அல்ல. இது பதற்ற நோய். பாம்பைக் கண்டால் இதயம் வேகமாக அடிக்கும். தப்பி ஓட உடல் தயாராகிறது. சிலருக்குப் பாம்பு இல்லாமலே அப்படி ஆகிறது. சில நிமிடங்களில் பயம் உச்சத்துக்குப் போகும். பிறகு தானாக இறங்கும்.

நம் பெங்களூரில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அக்கா அங்கே போனார். ஆலோசகர் பேசினார்.

"படபடப்பு வந்தபோது என்ன நினைத்தீர்கள்?"

"இதயம் நின்றுவிடும் என்று நினைத்தேன்."

"நின்றதா?"

"இல்லை."

பேசப் பேச அக்காவுக்கு விளங்கியது. படபடப்பு பயத்தைக் கூட்டுகிறது. பயம் படபடப்பைக் கூட்டுகிறது.

"தினமும் வேகமாக நடங்கள்" என்றும் ஆலோசகர் சொன்னார். அக்கா அல்சூர் ஏரிக்கரையில் அரை மணி நேரம் நடந்தார். அப்போதும் நெஞ்சு படபடத்தது. மூச்சு வாங்கியது. வேர்த்தது. உட்கார்ந்ததும் அடங்கியது. படபடப்பு ஆபத்து அல்ல என்று உடலும் கற்றுக்கொண்டது.

பிறகு ஒரு ஸ்டாப் தூரம் பஸ்ஸில் போனார். அடுத்து இரண்டு ஸ்டாப். இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறார். "எப்போதாவது படபடப்பு வரும். வந்தால் வரட்டும், போய்விடும்" என்கிறார்.

பேச்சு மனதுக்கு மருந்து. நடை உடலுக்கு மருந்து. இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதை நாமாக நிறுத்தக்கூடாது.

நினைவில் வைப்போம்

நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயமா, இதய நோயா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மனக்கஷ்டம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022-இல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

பேசுவோம், எழுதுவோம்

1. அக்கா ஏன் பஸ் ஏறப் பயந்தார்?
2. நடந்தபோது அக்காவின் உடல் எதைக் கற்றுக்கொண்டது?
3. 14416 என்ற எண்ணை ஐந்து முறை எழுதுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.