அந்த அம்மா பார்த்தது யாருடைய மார்க்?

கேள்வி: கல்லூரியில் பிஎச்பி படித்தேன். நெக்ஸ்ட் ஜேஎஸ் நானாகக் கற்றுக்கொண்டது. சித்தப்பா நடத்தும் டியூஷன் சென்டருக்காக, பெற்றோர் லாகின் செய்து பிள்ளையின் மார்க், வருகைப்பதிவு, ஃபீஸ் பார்க்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்துகொடுத்தேன். நெக்ஸ்ட் 14. லாகின் டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தேன். பிரவுசரிலிருந்து டேட்டா கேட்டால் வருகிறது. பக்கத்தை சர்வரிலேயே தயாரிக்கும்போது கேட்டால் 401 என்று திருப்பி அனுப்புகிறது. சரி என்று, லாகின் ஆனவரின் விவரத்தை ஒரு கோப்பின் மேலே வேரியபிளில் வைத்து அங்கிருந்து எடுத்தேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. ரிசல்ட் போட்ட அன்று மாலை ஒரு அம்மா போன் செய்து, "மார்க் நல்லாத்தான் இருக்கு, ஆனா இது எங்க பொண்ணு பேரு இல்லையே" என்கிறார். எங்கே தப்பு? இன்னொன்று: பாஸ்வேர்டைத் தமிழில் வைக்க விடலாமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 401-ஐப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த அம்மா.

பிஎச்பியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் கால் வைக்கிறார்கள், அதனால் மனம் உடைய வேண்டாம். பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் துடைத்த சிலேட்டோடு தொடங்கும். பக்கம் போனதும் வேரியபிள்களும் போய்விடும். நெக்ஸ்டை ஓட்டும் நோடு அப்படியில்லை. ஒருமுறை எழுந்துவிட்டால், நீங்கள் நிறுத்தும்வரை அதே புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பின் தலையில் நீங்கள் எழுதிய அந்த வேரியபிள் ஒரே ஒன்று. வருகிற எல்லாப் பெற்றோருக்கும் அதுதான். ஏழு மணிக்கு அந்த அம்மா லாகின் செய்கிறார், வேரியபிளில் அவர். ஏழு ஒன்றுக்கு வேறொரு பையனின் அப்பா லாகின் செய்கிறார், இப்போது வேரியபிளில் அவர். அம்மா பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்கிறார். அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பில் லாகின் செய்ய நீங்கள் ஒருத்திதானே இருந்தீர்கள்?

"அப்படியானால் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த வேரியபிளைப் புதிதாக நிரப்பிவிடுகிறேன்" என்று தோன்றும். அதுவும் உதவாது. வருகைப்பதிவை டேட்டாபேஸிடம் கேட்டுவிட்டு உங்கள் கோடு 'அவெய்ட்' என்று நிற்கும் கால் வினாடியில், நோடு சும்மா இருக்காது. அடுத்தவர் கோரிக்கையை எடுத்துக்கொண்டு வேரியபிளை மாற்றிவிடும். வருகைப்பதிவு வந்துசேர்ந்து, மார்க்கை எடுக்கப் போகும்போது அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். வருகைப்பதிவு மகளுடையது, மார்க் பக்கத்து வீட்டுப் பையனுடையது. இந்த ரகப் பிழை கூட்டம் உள்ள அன்று மட்டும் தலைகாட்டும்; மறுநாள் நீங்கள் தேடும்போது இருக்காது. நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம்: டேட்டாபேஸைக் கேட்கும் வரிக்கு முன்னால் மூன்று வினாடித் தாமதம் போடுங்கள், சாதாரண விண்டோவில் ஒருவராகவும் இன்காக்னிட்டோவில் இன்னொருவராகவும் லாகின் செய்து, இரண்டையும் அடுத்தடுத்து ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

பிரவுசர் ஒருவருடையது, சர்வர் ஊருக்குப் பொது. உங்கள் கடிதத்தில் இருக்கிற தொல்லை முழுக்க இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது. யார் கேட்கிறார் என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தக் கோரிக்கையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

கோரிக்கையிடம் கேட்பது எப்படி? இங்கேதான் உங்கள் 401. லோக்கல் ஸ்டோரேஜ் பிரவுசருக்குள் இருக்கும் பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட் திறந்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. முகவரியைத் தட்டி எண்டர் அடிக்கிறபோது போகிற முதல் கோரிக்கையில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் பிறக்கவே இல்லை. தானாகக் கூடவே போவது குக்கி ஒன்றுதான். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுலி அதை உண்டாக்கியதே, வந்தவரை உடனே மறந்துவிடும் எச்டிடிபிக்கு ஒரு ஞாபகம் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே டோக்கனைத் தூக்கிப்போட்டுவிட்டு செஷனுக்கு வாருங்கள். பாஸ்வேர்ட் சரியானால், 32 பைட் ரேண்டம் எண் ஒன்றை உருவாக்குங்கள். யாருடையது, எதுவரை செல்லும் என்பதோடு ஒரு டேபிளில் எழுதிவையுங்கள். அந்த எண்ணை மட்டும் குக்கியில் அனுப்புங்கள். குக்கிக்கு மூன்று அடையாளம் கட்டாயம்: எச்டிடிபி ஒன்லி (பக்கத்துக்குள் யாராவது ஸ்கிரிப்ட் நுழைத்தாலும் படிக்க முடியாது, லோக்கல் ஸ்டோரேஜில் இந்தக் காப்பு இல்லை), செக்யூர், சேம்சைட் லாக்ஸ். குக்கியை சர்வர் ஆக்‌ஷனிலோ ரூட் ஹேண்ட்லரிலோ எழுதுங்கள். பக்கத்தை வரைந்துகொண்டிருக்கும் சர்வர் காம்பொனென்ட்டிலிருந்து எழுத நெக்ஸ்ட் விடாது.

குக்கி வைத்தபிறகும் 401 வந்தால் காரணம் வேறு. உங்கள் சர்வர் தன்னுடைய ஏபிஐயையே ஃபெட்ச் செய்கிறது அல்லவா? அது சர்வரிலிருந்து புறப்படுகிற புதுக் கோரிக்கை. அந்த அம்மாவின் குக்கி அதில் ஒட்டிக்கொண்டு போகாது. நீங்களே எடுத்து ஹெடரில் வைத்தால் போகும். ஆனால் என்னைக் கேட்டால், டேட்டாபேஸ் அதே வீட்டில் இருக்கும்போது வாசல் வழியாகச் சுற்றிவந்து காலிங் பெல் அடிப்பானேன்? மார்க் எடுக்கும் ஃபங்ஷனை நேராகக் கூப்பிடுங்கள். மார்க், வருகைப்பதிவு, ஃபீஸ் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக 'அவெய்ட்' செய்யாமல் 'பிராமிஸ் ஆல்' வைத்து ஒரே நேரத்தில் கிளப்புங்கள். பக்கம் சட்டென்று திறக்கும்.

அந்த ஃபங்ஷனுக்குள்தான் காவல் இருக்க வேண்டும். உங்கள் மார்க் பக்கத்தின் முகவரி 118 என்று முடிகிறதா? அதை 119 ஆக்கிப் பாருங்கள். வேறு பிள்ளையின் மார்க் திறந்தால், லாகின் இருந்தும் இல்லாத மாதிரிதான். "119-ஆம் மாணவரின் மார்க்கைக் கொடு" என்று டேட்டாபேஸைக் கேட்காதீர்கள். "119-ஆம் மாணவர் இந்தப் பெற்றோரின் பிள்ளையாக இருந்தால் கொடு" என்று கேளுங்கள். மிடில்வேரில் ஒரே இடத்தில் தடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2025 மார்ச்சில் நெக்ஸ்டிலேயே ஒரு ஓட்டை வெளியானது: கோரிக்கையில் ஒரு குறிப்பிட்ட ஹெடரைச் சேர்த்து அனுப்பினால் மிடில்வேரை அப்படியே தாண்டிப் போய்விடலாம். 14 வரிசைக்கு 14.2.25-லும், 15 வரிசைக்கு 15.2.3-லும் அடைத்தார்கள். உங்களுடையது எது என்று இப்போதே பாருங்கள். டேட்டாவுக்குப் பக்கத்திலேயே சோதனை வைத்திருந்தவர்கள் அந்த வாரமும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

கேஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெக்ஸ்ட் 14-இல் நீங்கள் வாய்திறந்து சொல்லாவிட்டால் ஃபெட்ச் பெரும்பாலும் விடையைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே நீட்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை மனப்பாடம் செய்து ஒரு பெற்றோர் தளத்தை நடத்த நான் துணிய மாட்டேன். 2024 அக்டோபரில் வந்த 15-இல் இந்த இயல்பை மாற்றிவிட்டார்கள். ஆள் சார்ந்த டேட்டா எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் 'நோ ஸ்டோர்' என்று எழுதிவிடுங்கள். முன்னால் சிடிஎன் இருந்தால் அதற்கும் பதில் ஹெடரில் அதையே சொல்லுங்கள். ஸ்டீம் விளையாட்டுக் கடையில் 2015 கிறிஸ்துமஸ் அன்று கேஷ் அமைப்பு ஒன்று பிசகி, ஒருவர் கணக்குப் பக்கம் மற்றவருக்குத் தெரிந்தது; சுமார் 34,000 பேரின் பக்கங்கள் அப்படி வெளியே போயிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு சொன்னது. உங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததன் பெரிய பதிப்பு.

நான் ஒரு வாடிக்கையாளருக்காகப் பார்த்த தளத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒன்றைத் தவிர. மாணவர் பெயரை மட்டும் காட்டுகிற ஒரு சின்ன கிளையன்ட் காம்பொனென்ட்டுக்கு டேபிளின் முழு வரிசையையும் கொடுத்திருந்தார்கள். திரையில் பெயர்தான் தெரிந்தது. 'வியூ சோர்ஸ்' போட்டால் போன் நம்பர், வீட்டு முகவரி, பாஸ்வேர்ட் ஹாஷ் வரை வரிசையாக நின்றன. கிளையன்ட் பக்கம் கொடுப்பதை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுங்கள்.

தமிழ் பாஸ்வேர்ட்: விடலாம், எனக்குப் பிடித்த யோசனையும்கூட. ஆனால் இரண்டு பள்ளம் இருக்கிறது. பாஸ்வேர்டை ஹாஷ் செய்யப் பலரும் பயன்படுத்தும் பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. யூடிஎஃப் 8-இல் தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'மீ' என்றால் மகரமும் ஈகாரக் குறியும் சேர்ந்து 6. 'மீனாட்சிசுந்தரம் பிள்ளை' என்று வைத்தால் அதற்கே 67 பைட் போய்விடும். பின்னால் நாலு வார்த்தை சேர்த்து "கஷ்டமான பாஸ்வேர்ட்" என்று அவர் பெருமைப்பட்டாலும், லைப்ரரி வாலைச் சத்தமில்லாமல் வெட்டிவிட வாய்ப்புண்டு. 2015-இல் பாஸ்வேர்ட் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2-க்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு மாறிவிடுங்கள். இரண்டாவது: 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு வேறு வேறு. வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த பாஸ்வேர்ட் போனில் தவறு என்று வரும், அவரும் சரியாகத்தான் தட்டியிருப்பார். ஹாஷ் செய்வதற்கு முன் யூனிகோடின் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்யுங்கள், பதிவு செய்யும்போதும் லாகினிலும்.

இன்று இரவே சைட்டை இறக்கிவிடுங்கள். இவற்றைச் சரிசெய்து, அந்த இரண்டு விண்டோ சோதனையை முடித்தபின், எல்லோரையும் புதிதாக லாகின் செய்யச் சொல்லித் திரும்ப ஏற்றினால் போதும். போன் செய்த அம்மாவிடம் நன்றி சொல்லுங்கள். அந்தப் பையனின் வீட்டுக்கும், உங்கள் பிள்ளையின் மார்க் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டது என்று சித்தப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது இன்னும் தெரியாது.