‘கவுட்’ என்று எழுதிவிட்டார்கள். காப்பீட்டுப் பணம் வருமா?

கேள்வி: மதுரை வாசகி ஒருவரின் கணவருக்கு வைரஸ் காய்ச்சல் விட்ட கையோடு வலது கணுக்கால் வீங்கி, காலை ஊன்ற முடியாமல் போயிருக்கிறது. தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்ததில் யூரிக் ஆசிட் படிகமும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. “தற்காலிக அழற்சிதான்” என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. பில் 68,000 ரூபாய். பாலிசி எடுத்து 20 மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கே/சி/ஓ கவுட், 5 வருடம்’ (ஐந்து வருடமாகக் கவுட், அதாவது யூரிக் ஆசிட் படிகத்தால் வரும் மூட்டழற்சி, உள்ளவர்) என்றும் கிளெய்ம் படிவத்தில் கவுட்டுக்கான எம்10 என்ற குறியீடும் இருக்க, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. ஐந்து வருடம் முன்பு ஒரு ஹெல்த் செக்கப்பில் யூரிக் ஆசிட் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மை. அதற்கு மருந்தோ சிகிச்சையோ எடுத்ததில்லை என்கிறார். குறியீட்டை மாற்றி வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. கிளெய்ம் படிவத்தின் ‘பி’ பகுதியை நிரப்புவது மருத்துவமனை. முதன்மை நோய், கூடுதல் நோய், உடனிருக்கும் நோய் என ஐ.சி.டி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடுகளுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டங்களில் ஏறுவது டாக்டர் எழுதிய வரிதான். சம்மரியில் ‘கவுட்’ இருக்கும்வரை எம்10 போட்டவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வரி எப்படி வந்தது என்று ஊகிப்பது சிரமமில்லை. அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் “முன்னாடி ஏதாவது உண்டா?” என்று கேட்பார். “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யூரிக் ஆசிட் ஜாஸ்தின்னு சொன்னாங்க” என்று வீட்டார் சொல்வார்கள். கேஸ் ஷீட்டில் அது ‘ஏற்கெனவே கவுட் உள்ளவர்’ என்று சுருங்கிவிடும். ஆனால் ஐ.சி.டி-10 கவுட்டையும் வெறும் யூரிக் ஆசிட் கூடுதலையும் பிரித்தே வைத்திருக்கிறது. மூட்டழற்சி இல்லாமல் யூரிக் ஆசிட் மட்டும் கூடியிருந்தால் இ79.0. தற்காலிக மூட்டுக் கோளாறு எம்12.8-க்குள் வருகிறது, கணுக்கால், பாதத்துக்கான 7 சேர்ந்தால் எம்12.87. அமெரிக்கப் பதிப்பில் இன்னும் ஓர் இலக்கம் கூடி வலது கால் எம்12.871, இடது கால் எம்12.872 ஆகும். சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக கோடிங் செய்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். குறிப்பு தெளிவில்லை என்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பிவிட்டுத்தான் அவர்கள் எண்ணைப் போட வேண்டும். உள்ளூர் பில்லிங் கவுன்டரில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடிவதில்லை.

ஆகவே முதல் வேலை, சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்பது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். மூட்டு நீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தபின், சிகிச்சை அளித்த டாக்டரிடம் இன்றைய தேதியிட்ட விளக்கக் கடிதம் வாங்க வேண்டும். நோய் என்ன, காய்ச்சலோடு அதற்குத் தொடர்பு உண்டா, ‘கவுட்’ என்ற குறிப்புக்கு ஆதாரம் எது என்பதை அவர் சொல்லட்டும். எந்தக் குறியீடு பொருந்தும் என்பதும் அவர் முடிவே. பழைய சம்மரியைக் கிழித்துவிட்டு அதே தேதியில் புதிதாக ஒன்றை அடித்து வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஜெயிக்கக்கூடிய கிளெய்மை அது போலி ஆவண வழக்காக மாற்றிவிடும்.

இனி சட்டம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 2024 விதிமுறைகள்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்த, அல்லது அவர் ஆலோசனையோ சிகிச்சையோ அளித்த நோய்தான் ‘ஏற்கெனவே இருந்த நோய்’. வாசகி சொல்லும் செக்கப், பாலிசிக்குச் சுமார் 40 மாதம் முந்தையது. அதிலும் அது நோயாகக் கண்டறியப்படவே இல்லை. புரபோசல் படிவத்தில் இதைப் பற்றி நேரடிக் கேள்வி இருந்ததா, என்ன பதில் எழுதப்பட்டது என்பதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஏஜென்ட் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிய படிவங்களில் வில்லங்கம் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் ‘கவுட், ருமாட்டிசம்’, ‘தொற்று காரணமல்லாத மூட்டழற்சி’ இரண்டுக்கும் 24 மாதக் காத்திருப்பு இருக்கிறது. இந்தப் பாலிசிக்கு 20 மாதம்தான் ஆகியிருக்கிறது. எம்10 போய் எம்12.87 வந்தாலும், “இதுவும் தொற்று இல்லாத அழற்சிதானே” என்று நிறுவனம் அடுத்த கதவைச் சாத்தப் பார்க்கலாம். வைரஸ் காய்ச்சலோடு உள்ள தொடர்பை டாக்டர் எழுதித் தருவது முக்கியமாவது இதனால்தான்.

மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். அதில் சொல்லாத காரணத்தைப் பின்னர் வழக்கில் கிளப்ப முடியாது என்று சவுராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. கடிதம் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பதோடு நிற்குமானால், 24 மாத வாதத்தைப் புதிதாகக் கொண்டுவருவது அவர்களுக்குச் சுலபமாக இராது.

விளக்கக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது; இந்தத் தொகைக்கு அங்கும் கட்டணமில்லை. ஆனால் நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருக்கும் விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார் என்பதால், வாசகி இந்த வரிசையிலேயே போவது நல்லது.