மிலானிலிருந்து ஒரு சனி ஞாயிறு: எந்த ஏரி, எந்த ஊர்?

இத்தாலிப் பயணத்தில் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கிய பிறகு கடைசியில் இரண்டு நாள் மிஞ்சும். "ஏரிப் பக்கம் போய்வரலாமே" என்று யாராவது சொல்வார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓர்ட்டா, மஜ்ஜோரே, கோமோ, இசேயோ, கார்டா என்று மேற்கிலிருந்து கிழக்காக ஏரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான்: நீலத் தண்ணீர், பின்னால் மலை, கரையில் மஞ்சள் வீடுகள்.

அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் முடிவுக்கு வரவே முடியாது. கையில் இரண்டு இரவுதான் என்றால் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: ரயிலை விட்டு இறங்கி எவ்வளவு நேரத்தில் படகில் ஏறலாம்? இந்த ஊர்களில் சுற்றிப் பார்ப்பதென்றால் பெரும்பாலும் படகுப் பயணம்தான். படகுத்துறைக்குப் பக்கத்தில் தங்கியவருக்கு இரண்டு நாள் தாராளம். மற்றவருக்குப் பாதி நேரம் வழியிலேயே கழிந்துவிடும்.

வரென்னா (கோமோ ஏரி)

கோமோ என்றதும் எல்லோரும் பெல்லாஜியோவில்தான் அறை தேடுவார்கள். ஏரி இரண்டாகக் கிளை பிரியும் முனையில் இருக்கும் அழகான ஊர்தான். ஆனால் அங்கே ரயில் கிடையாது. கோமோ நகரிலிருந்து சாதாரணப் படகில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

எதிர்க்கரையில் இருக்கும் வரென்னாவுக்கு மிலானோ சென்ட்ராலேவிலிருந்து நேர் ரயில் உண்டு. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். லெக்கோவைத் தாண்டியதும் தண்டவாளம் ஏரியை ஒட்டியே ஓடும். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடை. அங்கிருந்து கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. எதிர்க்கரை மெனாஜ்ஜோவுக்கும் படகு உண்டு. ஏரியின் நடுப்பகுதிக்கான ஒருநாள் பாஸை வாங்கிக்கொண்டால், வில்லா கார்லோட்டா தோட்டத்தையும் லென்னோவில் உள்ள வில்லா டெல் பால்பியனெல்லோவையும் அதிலேயே பார்த்துவிடலாம். 'கேசினோ ராயல்' படத்தின் ஒரு பகுதியை இந்த மாளிகையில்தான் எடுத்தார்கள்.

குறை என்று சொன்னால் படிகள். ஏரிக்கரையிலிருந்து மேலே ஏறும் சந்துகள் எல்லாம் கல் படிக்கட்டுகள்தான்; சக்கரம் வைத்த பெட்டியையும் கையில் தூக்கித்தான் ஏற வேண்டும். அறை பதிவு செய்யும்போது விடுதிக்கு எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள். பெல்லாஜியோவில் இரவு உணவு என்றால், கடைசிப் படகின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு மேஜைக்குச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரேசா (மஜ்ஜோரே ஏரி)

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இதுதான் ஊர். மிலானிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். கரையோரம் நீண்ட நடைபாதை, படி ஏறும் வேலை குறைவு. எதிரே பொர்ரொமேயோ குடும்பத்தின் பெயரைத் தாங்கிய தீவுகள். ஈசோலா பெல்லாவில் 1632-இல் கட்டத் தொடங்கிய அரண்மனையும், அடுக்கடுக்கான தோட்டமும், அதில் உலவும் வெள்ளை மயில்களும் பிரபலம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் ஈசோலா மாத்ரேவில் கூடுதல் நேரம் செலவிடலாம். அங்கே ஒரு பெரிய காஷ்மீர் சைப்ரஸ் மரம் நிற்கிறது. 2006-இல் சூறாவளி அதை வேரோடு சாய்த்தது. வெட்டிப் போடாமல் மறுபடி நிமிர்த்தி, இரும்புக் கயிறுகளால் நாலாபுறமும் இழுத்துக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கயிறுகள் இன்றும் கண்ணில் படும்.

தீவுகளை ஒரே நாளில் முடித்துவிடலாம். இரண்டாம் நாளுக்கு ஸ்ட்ரேசாவுக்குள் அதிகம் இல்லை. ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு அது குறையல்ல.

சிர்மியோனே (கார்டா ஏரி)

இத்தாலியின் மிகப்பெரிய ஏரி கார்டா. பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர். மிலான்–வெனிஸ் ரயில் பாதை இதன் தென்கரையை ஒட்டியே போவதால், வெனிஸுக்குப் போகிற வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன் இருப்பது டெசென்சானோவில். அங்கிருந்து சிர்மியோனேவுக்கு பஸ்ஸும் படகும் உண்டு.

ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒல்லியான நிலத்துண்டு சிர்மியோனே. வாசலில் தண்ணீர் சூழ்ந்த கோட்டை, முனையில் ரோமானியர் காலப் பெரும் மாளிகையின் இடிபாடுகள், நடுவில் வெந்நீர் ஊற்றுக் குளியல். குழந்தைகள் கூட வந்தால் அருகிலேயே கார்டாலாண்ட் பொழுதுபோக்குப் பூங்கா. வெரோனாவும் ரயிலில் அரை மணிக்குள்தான்.

கோடைக்காலச் சனிக்கிழமை மதியம் கோட்டை வாசலில் நகர இடமிருக்காது. டெசென்சானோவில் தங்கி, காலையில் சீக்கிரம் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம்.

ஓர்ட்டா சான் ஜூலியோ (ஓர்ட்டா ஏரி)

சின்ன ஏரி, சின்ன ஊர். சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிடப் படகுப் பயணத்தில் சான் ஜூலியோ தீவு. அங்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம். ஊருக்கு மேலே குன்றில், அசிசியின் புனித ஃபிரான்சிஸின் வாழ்க்கையைச் சிற்பங்களாகக் காட்டும் 20 சிற்றாலயங்கள். 2003 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ரயில்கள் குறைவு, மிலானிலிருந்து மாறித்தான் வர வேண்டும், ஸ்டேஷனும் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிறது. கோமோவை ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்தச் சிரமத்தைப் பட்டு இங்கே வரலாம்.

பணம் கட்டும் முன்

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் தோட்டங்களுக்கு உச்சம். செப்டம்பர் நிதானம். ஆகஸ்டில் இத்தாலியர்களுக்கே விடுமுறை. அறை கிடைப்பது கஷ்டம். நவம்பர் முதல் மார்ச் வரை பல தோட்டங்களும் விடுதிகளும் மூடிக் கிடக்கும், படகுகளும் குறையும்.

கார் எடுக்க வேண்டாம். கரைச் சாலைகள் குறுகல், பார்க்கிங் அதைவிடக் கஷ்டம். பழைய ஊர்ப்பகுதிகள் பலவற்றில் வெளி வண்டிகளுக்குத் தடை உண்டு. கேமரா படம் பிடித்துவிட்டால், அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். ரயிலுக்குத் தாள் டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

ஹோட்டல் பில்லில் தலைக்கு இவ்வளவு என்று 'கொப்பேர்த்தோ' சேரும்; அது ஏமாற்று அல்ல, மேஜைக் கட்டணம். தங்குமிடத்தில் சுற்றுலா வரி தனி. மீன் சாப்பிடுபவர்கள் கோமோ பக்கம் 'மிசோல்தீனி' கேட்டுப் பாருங்கள்: ஏரி மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்திய கருவாடு. சைவர்களுக்கு 'பிட்சோக்கெரி' இருக்கிறது. பக்வீட் மாவுப் பாஸ்தாவில் உருளைக்கிழங்கும் கோஸும் சீஸும் சேர்த்தது. பார்மெசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு என்பதைச் சுத்த சைவர்கள் கவனிக்கவும்.

முடிவாக

முதல் முறை போகிறவர்களுக்கு வரென்னா. பெரியவர்கள் உடனிருந்தால் ஸ்ட்ரேசா. குழந்தைகளோடு, அல்லது வெனிஸ் போகிற வழியில் என்றால் டெசென்சானோவும் சிர்மியோனேயும். இரண்டாம் முறை வருபவர்களுக்கு ஓர்ட்டா.

எதை எடுத்தாலும் ஒரே ஏரியோடு நிறுத்துங்கள். வரைபடத்தில் கோமோவும் கார்டாவும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் வரென்னாவிலிருந்து டெசென்சானோவுக்கு நேர் ரயில் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவதிலேயே, இருக்கிற இரண்டு நாளில் அரை நாள் போய்விடும்.