மாத்திரையா, கூலியா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பாதியில் நிறுத்திவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, லால்குடி

பதில்: அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். கூலியை விட்டால் அடுப்பெரியாத வீட்டில் மாத்திரை இரண்டாம்பட்சமாகத்தான் போகும். இதற்காகவே 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் பெற்றது. என்னைக் கேட்டால், விருதைவிட, மாத்திரை கொண்டுவரும் பெண் நம் தெருக்காரர் என்பதுதான் பெரிது. ‘ஏன் அத்தை, நேற்று மாத்திரை போடலையா?’ என்று அவரால் உரிமையோடு கேட்க முடியும்.

உங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, அம்மாவின் பாதம். சர்க்கரை நாள்பட்டால் காலில் உணர்வு மங்கும். சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு நெருஞ்சி முள் தைத்தாலும் தெரியாது. புண் வலிக்காமலே ஆழமாகும். தினமும் இரவில் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சின்னக் கொப்புளமானாலும் மறுநாளே லால்குடி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். அன்றைய கூலி போனாலும் போகட்டும்.