ஆங்கிலம் படிப்போம்: டிஸிபேஷன்

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் டிஸிபேஷன். சிதறடிப்பது என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மலையை மூடிய பனி, வெயில் ஏற ஏறக் கலைந்து இல்லாமல் போகுதே, அதுதான். கேத்தலில் கொதித்த தண்ணீரின் சூடு காற்றோடு போவதற்கும் விஞ்ஞானப் பாடத்தில் இதே பெயர்.

கிட்டத்தட்ட இதே கருத்துள்ள சொற்களும் உண்டு. டிஸ்பர்சல் என்றால் கூட்டம் கலைவது. கலைந்த ஆட்கள் வேறெங்காவது இருப்பார்கள். வேஸ்ட் பொதுச்சொல், கைதவறிக் கொட்டிய மாவுக்கும் சொல்லலாம். ஸ்குவாண்டரிங் என்பது கைவீசிச் செலவழிக்கும் ஊதாரித்தனம்.

காசு விஷயத்தில் டிஸிபேஷன் வந்தால் பெரியவர்களும் கவனிக்க வேணும். ஊழியர் சேமலாப நிதியையே பாருங்கள். சம்பளத்தில் மாதாமாதம் நமக்கு 8 வீதம் வெட்டி, நிர்வாகம் 12 வீதம் போட்டுச் சேர்ந்த காசு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். பேங்கில் விழுந்ததும் கைமாற்றுக் கேட்டு நாலு பேர் வருவார்கள். தவறணையில் பழைய கணக்கு, மருமகனுக்கு ஒரு போன், திருவிழாச் செலவு. எதுவும் பெரிசில்லை. ஆனால் ஆறு மாதத்தில் புத்தகத்தில் ஒன்றுமிருக்காது. எந்தச் செலவு தின்றது என்று விரல்காட்டவும் முடியாது. இங்கிலீஸில் டிஸிபேஷன் என்பது இதைத்தான்.

பிள்ளைகளுக்கு ஒன்று: ஓர் ஆளை டிஸிபேட்டட் என்றால், குடியிலும் கூத்திலும் கெட்டவர் என்று அர்த்தம். அது ஏச்சு, யோசித்துப் பாவியுங்கள்.