எண்பது வயதில் முதல் தனிக் கண்காட்சி

ஓவியப் பீரியடில் "எனக்கு வரைய வராது சார்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் நம் பள்ளியில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் இந்தப் பாட்டியைப் பற்றி அவசியம் படிக்கணும்.

பெயர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். 1860 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்களை நினைக்காதீங்க. இது மலையும் வயலும் மாடும் உள்ள கிராமப்பக்கம். சின்ன வயசில் அப்பா வாங்கித் தந்த தாளில் படம் போட்டு, திராட்சைச் சாற்றால் கலர் கொடுப்பாராம். 12 வயதில் அடுத்தவர் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யப் போய்விட்டார். சமையல், துணி துவைப்பது என்று சுமார் 15 வருடம் அப்படியே போனது.

1887-ல் தாமஸ் மோசஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போய், குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. கணவர் கொடுக்கிற காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. தன் சேமிப்பில் ஒரு பசு வாங்கி, வெண்ணெய் எடுத்து விற்றார். பிறகு உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டும் விற்றார். பிறந்த பத்துக் குழந்தைகளில் ஐந்து பேர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார்கள். அந்தத் துக்கத்தையும் தாங்கிக்கொண்டுதான் இத்தனை வேலையும்.

1905-ல் சொந்தப் பக்கமான ஈகிள் பிரிட்ஜ் ஊருக்குத் திரும்பினார்கள். 1927-ல் கணவர் இறந்தார். 1932-ல் காசநோயால் படுத்த மகளைக் கவனிக்கப் போன இடத்தில், மகள் கேட்டாள் என்று கம்பளி நூலால் துணியில் படம் தைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் விரல் மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியவில்லை. "அப்போ பெயிண்ட் பண்ணிப் பாரேன்" என்கிற மாதிரி தங்கை யோசனை சொன்னார். அப்போது பாட்டிக்கு எழுபது தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது.

அவர் முறை சுலபமானது. ஹார்ட்போர்டு பலகையில் வெள்ளை பெயிண்ட் மூன்று பூச்சு. அதை மேஜைமேல் படுக்க வைத்து, முதலில் வானம், அப்புறம் மலை, பிறகு மரம், வீடு. மனுஷங்க கடைசியில்தான்.

ஊர்ச் சந்தைக் கண்காட்சிக்குப் படங்களோடு தான் செய்த ஜாமையும் கொண்டுபோனார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது, படத்தை யாரும் கண்டுக்கலை! பக்கத்து ஊர் மருந்துக்கடை ஜன்னலில் மூன்று, ஐந்து டாலர் விலையில் படங்கள் தூங்கின. 1938-ல் அந்த வழியாக வந்த லூயிஸ் கால்டோர் என்ற ஓவியச் சேகரிப்பாளர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, பாட்டி வீட்டையும் தேடிப் போனார். பாட்டி அப்போது வீட்டில் இல்லை. பத்துப் படம் இருக்கு, நாளைக்கு வாங்க என்று மருமகள் சொல்லிவிட்டார். இருந்ததோ ஒன்பதுதான். பாட்டி என்ன செய்தார் தெரியுமா? பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டிப் பத்தாக்கிவிட்டார். வெண்ணெய் விற்ற கை அல்லவா!

1940-ல் நியூயார்க் நகரத்தில் அவரது முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அப்போது வயது 80. 1949-ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது வாங்கினார். ட்ரூமன் அவருக்காகப் பியானோ வாசித்தும் காட்டினார். மொத்தம் 1500-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார். நம்ம பக்கம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறோமே, அதுபோல அங்கே மேப்பிள் மரச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். பனிக்காலத்து அந்தக் காட்சியை வரைந்த ஒரு படம் 2006-ல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பாட்டிக்குத் திடீர் அதிர்ஷ்டம் அடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வரைந்தது எல்லாம் சலவை நாள், அறுவடை, சோப்பு காய்ச்சுவது, வான்கோழி பிடிப்பது. எழுபது வருஷமாகத் தன் கையால் செய்த வேலைகள்தான்.

நூறு வயது தாண்டியும் வரைந்தார். 1961-ல் உடம்பு முடியாமல் மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே இருக்கப் பிடிக்காமல் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை ஒளித்து வைத்துக்கொண்டாராம். என்னை ஈகிள் பிரிட்ஜுக்குக் கூட்டிப் போனால்தான் திருப்பித் தருவேன் என்று பேரமும் பேசினாராம். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று காலமானார். வயது 101.